ஆளுக்கு ஓர் அட்டை

பத்து ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தெற்கிலிருந்து வந்த ரயிலில் நானும் என் கணவரும் ஒன்றரை வயது மகளும் புனே நிலையத்தில் இறங்கினோம். அடுத்த அரை மணி நேரத்தில் அந்த நடைமேடையில் நடந்ததைப் பெரிய சம்பவம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான்கு பேர் தேநீர் குடித்தபடி நின்று பேசிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். ஆனாலும் புனேயில் நான் வாழ்ந்த ஆண்டுகளை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது அந்தக் காலைதான்.

அதைச் சொல்லும் முன் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புனேத் தமிழர்களில் யாராவது ஊருக்குப் போகிறார் என்றால், அந்தச் செய்தி பிம்ப்ரியில் இருந்து ஹடப்சர் வரை பரவிவிடும். ஒருவர் காபித்தூள் கேட்பார். ஒருவர் கருப்பட்டி கேட்பார். இன்னொருவர், அம்மா தருகிற வத்தலை மட்டும் வாங்கிவந்தால் போதும் என்பார். இவையெல்லாம் புனேயில் கிடைக்காதவை அல்ல. கட்கி கடைத்தெருவிலேயே நல்ல அப்பளம் கிடைக்கும். ஆனால் ஊரிலிருந்து வந்ததற்குத் தனி ருசி உண்டு என்று நாங்கள் எல்லோரும் உறுதியாக நம்பினோம்.

நகரத்தின் நான்கு மூலைக்கும் யார் கொண்டுபோய்க் கொடுப்பது? அதனால் சாமான் கேட்டவர்கள் நிலையத்துக்கே வந்துவிடுவார்கள். நடைமேடையின் கோடியில் இருந்த சிமென்ட் பெஞ்சில் பைகளைப் பிரித்துவைத்துப் பங்கு போடுவோம். குளிரில் பேசுகிறவர் வாயிலெல்லாம் புகை வரும். யாரோ ஒருவருடைய நல்லெண்ணெய் பாட்டில் கசிந்து, எல்லோருடைய பொட்டலத்திலும் எள் வாசனை ஏறியிருக்கும். அதற்கும் சிரிப்போம். போர்ட்டர்கள் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே போவார்கள். அந்தக் காலைகளைப் போன்ற காலைகள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

இந்தக் கூட்டத்தின் நடுவில் எப்போதும் ஒருவர் இருப்பார். கையில் பெரிய தூக்கு. அதில் சூடான போஹே, அதாவது அந்த ஊர் அவல் உப்புமா. ரயிலில் வந்தவர்கள் பசியோடு இருப்பார்கள் என்று விடியும் முன்பே எழுந்து கிளறிக்கொண்டு வருவார். எல்லோரும் அவரைக் கட்கி அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

அக்காவின் தாத்தா காலத்திலேயே அவர்கள் குடும்பம் வட ஆற்காடு பக்கமிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காகக் கட்கிக்கு வந்துவிட்டது. அக்காவின் கணவரும் அதே தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தார். அக்கா பேசும் தமிழில் ஆற்காடும் இருக்கும், இந்தியும் மராத்தியும் இருக்கும். ஐம்பதை ஒட்டிய வயது. சென்னையில் இருந்தும் கோயம்புத்தூரில் இருந்தும் புதிதாக வந்து, வாய் திறக்கத் தெரியாமல் நிற்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அவர்தான் வாய்.

என் கணவருக்குச் சாகணில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தபோது, மதுரையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் ஆறு ஆண்டுகள் பார்த்த வேலையை விட்டுவிட்டு நான் புனேக்கு வந்தேன். கட்கிக்கு அடுத்த தாபோடியில் வீடு பார்த்துக் கொடுத்தவர் அக்கா. வீட்டுக்காரர் மராத்தியில் வெகுநேரம் கை ஆட்டிப் பேசினார். அக்கா பதிலுக்கு அதைவிட வேகமாகப் பேசினார். பிறகு என் பக்கம் திரும்பி, வீட்டுக்காரர் நல்லவர், வாசலில் கோலம் போடலாம் என்கிறார் என்று ஒரே வரியில் சொன்னார். அவர் போட்ட நிபந்தனைகள் ஒரு முழம் நீளம் என்பதும், அத்தனையையும் அக்கா அங்கேயே அடித்துப் பேசித் தள்ளிவிட்டார் என்பதும் எனக்கு ஓராண்டு கழித்துத்தான் தெரியும்.

பிரசவ வலியில் நான் கத்தியபோது பக்கத்தில் நின்றவரும் அவர்தான். நர்ஸ் ஏதோ கடுகடுவென்று சொன்னார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "சூப்பரா பண்றியாம்" என்றார் அக்கா. வாயை மூடு, பக்கத்து அறைக்குக் கேட்கிறது என்பதுதான் நர்ஸ் உண்மையில் சொன்னது. எனக்குத் தெரிந்த எந்த உதவி ஆசிரியரும் ஒரு செய்தியை இவ்வளவு அழகாகச் சுருக்கியதில்லை.

அந்த ஆண்டு மழைக்காலத்திலேயே, புதிதாக வந்த ஒரு குடும்பத்தின் குழந்தைக்குப் பள்ளியில் இடம் கேட்கப் போகும் வழியில், ஹோல்கர் பாலத்துக்கு அருகே அக்காவின் ஸ்கூட்டர் வழுக்கியது. முதுகெலும்பில் சிறு விரிசல். சில வாரம் படுக்கை. மருத்துவர் வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். நாங்கள் முறைவைத்துச் சமைத்துக் கொண்டுபோனோம். அக்கா எழுந்து நடந்த நாளில் கட்கி முருகன் கோயிலில் அபிஷேகமே செய்தோம். மறு வாரமே அவர் பழையபடி யாருக்கோ எரிவாயு இணைப்பு வாங்கித் தர ஓடிக்கொண்டிருந்தார். முன்பைவிட அதிகச் சுறுசுறுப்பு என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் சில மாற்றங்கள் இருந்தன. பேச்சின் நடுவே கண் சொருகும். திடீரென்று விழித்து, விட்ட இடத்தில் இருந்து தொடர்வார். முழங்கையைச் சொறிந்துகொண்டே இருப்பார். நெற்றிப் பொட்டு சில நாள் புருவத்துக்கு மேலே ஒதுங்கி இருக்கும். சாப்பாட்டைக் கண்டால் முகம் திருப்புவார். வயது ஏறுகிறது, அலைச்சல் அதிகம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

இனி நடைமேடைக்கு வருகிறேன்.

அன்று அக்கா வரவில்லை. உடம்பு சரியில்லை, காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று முந்தின நாள் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அவர் இல்லாத பெஞ்சு கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது. அதே ரயிலில் சேலத்தில் ஏறிய நாமக்கல்காரர் ஒருவர் எங்களோடு இறங்கியிருந்தார். ஹிஞ்சவடியில் கணினி வேலை செய்பவர். காபித்தூள் வாங்கிக்கொள்ள ஒரு சென்னைப் பெண் வந்திருந்தார். அவரும் கணினி வேலைதான். என் கணவர் தேநீர் வாங்கி வந்தார்.

நாமக்கல்காரர் தன் பையின் ஓரத்தில் இருந்து ஒரு சிறிய காகித உறையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது அக்காவுதுங்க. நீங்க கட்கி வழியாத்தானுங்களே போவீங்க, குடுத்துருங்க. முதுகு வலி மாத்திரை."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் கைப்பையிலும் அப்படி ஓர் உறை இருந்தது. எடுத்துக் காட்டினேன். அவருக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு உறைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். கடைகளின் பெயர்தான் வேறு. உள்ளே இருந்தது ஒரே மாத்திரை.

சென்னைப் பெண் ஓர் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இதையேதானே நான் போன மாசம் கொண்டு வந்து குடுத்தேன்" என்றார். "இங்க விக்கிறது எல்லாம் டூப்ளிகேட், உன் ஊர் மாத்திரைதான் கேக்குதுன்னு சொன்னாங்க. என்கிட்ட மட்டும்தான் கேட்டாங்கன்னு நெனச்சேன்."

"எங்கிட்டயும் அதையேதானுங்க சொன்னாங்க" என்றார் நாமக்கல்காரர், மெதுவாக.

என்னிடமும் அதைத்தான் சொல்லியிருந்தார். இங்கே கிடைப்பது போலி, உங்கள் ஊர்க் கடை மாத்திரைதான் வேலை செய்கிறது என்று. மற்ற எல்லோரும் தங்கள் தேவைகளைச் சொல்லி முடித்த பிறகு, கடைசியாக, தனியாக அழைத்துச் சொல்வார். எங்கள் ஊர் மருந்துக்கடைக்கு இப்படி ஒரு பெயரா என்று எனக்கு உள்ளூரப் பெருமை. அந்தக் கடைக்காரர் என் மாமனாரோடு படித்தவர். மருத்துவர் சீட்டு கேட்கவில்லை. யாருக்கு என்று மட்டும் கேட்டார். எங்களுக்கு வேண்டிய ஓர் அக்காவுக்கு, முதுகு வலி என்றேன். எடுத்துக் கொடுத்துவிட்டார். நாமக்கல்காரருக்குக் கொடுத்தது அவருடைய மைத்துனரின் கடை. சென்னைப் பெண்ணுக்கு அவர்கள் தெருமுனைக் கடை. கடைக்காரர்கள் எங்களை நம்பினார்கள். நாங்கள் அக்காவை நம்பினோம். எங்கேயும் ஒருவரும் பொய்யான சீட்டு எழுதவில்லை, திருட்டுத்தனமாக எதையும் வாங்கவில்லை.

என் கணவர் அட்டையின் பின்புறம் சிவப்புக் கட்டத்துக்குள் இருந்த சின்ன எழுத்துகளைப் படித்தார். அவர் தொழிற்சாலையில் ஒருவருக்குக் கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இதைத்தான் கொடுத்தார்களாம். அபின் வகை மருந்து, சில நாட்களுக்கு மேல் சாப்பிடக் கூடாது என்று எச்சரித்துத்தான் கொடுத்தார்களாம்.

ஒலிபெருக்கியில் ஏதோ ரயில் தாமதம் என்று மூன்று மொழிகளில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூன்று வீடு. இன்னும் எத்தனை வீட்டுப் பைகளில் இந்த உறை வந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தோம். ஊருக்குப் போகாத வீடு எங்கள் கூட்டத்தில் கிடையாது. ஆளுக்கு ஓர் அட்டை, இரண்டு அட்டை என்று எல்லோரும் பாசத்தோடு சுமந்து வந்திருக்கிறோம்.

என்ன செய்வது என்று தெரியவில்லை. கடையில் தர மாட்டேன் என்கிறார்கள் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்லிவிடலாம் என்றார் சென்னைப் பெண். நாமக்கல்காரருக்கும் அதுதான் சரி என்று பட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேச எங்களில் யாருக்கும் வாய் இல்லை. அவர் உதவி இல்லாமல் நடந்த காரியம் எங்கள் வீடுகளில் எதுவுமே இல்லை. என் கணவர்தான் அவசரப்பட வேண்டாம் என்று ஒதுங்கிப் போய், தொழிற்சாலை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தார். திரும்பி வந்து அவர் சொன்னது எங்களுக்குப் புதிது. நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு இதை நாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அதுவே ஆபத்து. இன்றைக்கு வழக்கமாகச் சாப்பிடுவதை வீட்டார் கையால் கொடுக்கட்டும், நாளைக்கே இதற்கென்று இருக்கும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள் என்றாராம். காய்ச்சல் என்று அக்கா சொன்னாரே, மாத்திரை தீர்ந்துபோனால் அப்படித்தான் இருக்குமாம்.

யார் போய்ப் பேசுவது என்ற கேள்வி வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பத்திரிகையில் இருந்தவர், யாரிடமும் எதையும் கேட்கத் தெரியும் என்றார்கள். மேசையில் உட்கார்ந்து பிறர் எழுதியதைத் திருத்துகிற வேலைதான் நான் பார்த்தது என்பதை அந்த நேரத்தில் எப்படி விளக்குவது?

மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு மதியம் போனேன். அக்கா கட்டிலில் போர்வைக்குள் சுருண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. ஆனால் உடம்பு குளிரில் நடுங்கியது. கொட்டாவிமேல் கொட்டாவி. மூக்கில் நீர் வடிந்தது. கால்களை ஒரு நிலையில் வைக்க முடியாமல் உதறிக்கொண்டே இருந்தார். அவர் கணவர் சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்.

"கொண்டாந்தியா?" என்றார் அக்கா.

அதுதான் முதல் வார்த்தை. அதுவரை என்னைப் பார்த்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி என் மகளைப் பற்றியதாகத்தான் இருக்கும். எனக்கு இருந்த சந்தேகமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் தீர்ந்துவிட்டது.

கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். நாமக்கல்காரரும் கொண்டுவந்திருக்கிறார், போன மாதம் சென்னைப் பெண்ணும் கொண்டுவந்தார், எல்லாம் எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று, எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததை, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அக்கா எழுந்து உட்கார்ந்தார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை.

"பேப்பர்காரி புத்தி போவல பாரு. துப்பு துலக்கினு வந்து நிக்கிறே. உன் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில நின்னேனே, எதுக்கு இன்னான்னு ஒரு வார்த்த கேட்டேனா?"

அவர் இன்னும் கொஞ்சம் பேசினார். படித்த திமிர் என்றார். உங்களுக்கெல்லாம் வீடு பிடித்துக் கொடுத்த செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்றார். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் முந்தைய மாதத் தாள் இன்னும் கிழிக்கப்படாமல் இருந்தது.

அவர் கணவர் இரண்டு கோப்பைகளோடு வாசலில் வந்து நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. அதிகம் பேசாதவர். கோப்பைகளை மேசைமேல் வைத்துவிட்டு, "டாக்டர் குட்த்ததுன்னுதான்மா நென்ச்சினு இருந்தேன், இத்தினி நாளும்" என்று என்னிடம் சொன்னார். கோபமே இல்லாமல் சொன்னார். அதைக் கேட்டதும் அக்காவின் குரல் அடங்கிவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உறைகளை அக்காவிடம் கொடுக்காமல் அவர் கணவரிடம் கொடுத்தேன். தொழிற்சாலை மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். படியிறங்கும்போது அக்கா உள்ளே இருந்து கூப்பிட்டார். திரும்பிப் போனேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"நாளிக்கி நீயும் வா. நீ வந்தாத்தான் நான் வருவேன்."

மறுநாள் போனோம். கடக்வாஸ்லா போகும் வழியில், ஊருக்கு வெளியே இருந்தது அந்த மருத்துவமனை. முன்கூடத்தில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. எங்கள் நாளிதழில் போதை என்ற சொல் செய்தியில் வந்தால், கஞ்சா மூட்டைகளுக்குப் பின்னால் காவலர்கள் நிற்கும் படம்தான் கூடவே வரும். அந்தப் படத்தில் இருந்த யாரும் இந்தக் கூடத்தில் இல்லை. கல்லூரிப் பையன் ஒருவன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தான். அம்மாவின் மடியில் மதிய உணவுப் பை. உடற்பயிற்சிக் கூடத்தில் செதுக்கிய தோள்களோடு ஓர் இளைஞன், ஊசி குத்திய தழும்புகளை முழுக்கைச் சட்டையால் மூடி மூடி விட்டுக்கொண்டிருந்தான். பட்டாளத்து மீசையோடு ஒரு பெரியவர். என் வயதுப் பெண் ஒருத்தி வங்கி அடையாள அட்டையைக் கழுத்தில் திருப்பிப் போட்டிருந்தாள். பேருந்தில் என் பக்கத்தில் தினமும் உட்காரும் மனிதர்கள். மருந்துக்கடை உறை யாருடைய கண்ணையும் உறுத்துவதில்லை. அதனால்தான் அது இவ்வளவு தூரம் போகிறது என்று அன்று புரிந்தது.

உள்ளே ஓர் ஆலோசகர். நரைத்த தலை, பருத்திப் புடவை. மராத்தியில் கனிவாகப் பெயர் கேட்டார், ஊர் கேட்டார். அக்கா என்னைப் பார்த்துத் தமிழில் பதில் சொன்னார்.

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. கட்கியில் பிறந்து வளர்ந்தவர். மராத்தியில் சண்டை போட்டால் காய்கறிக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அவருக்கா மொழி தெரியாது? பிறகுதான் உறைத்தது. அந்த மொழியில் அவர் எப்போதும் பிறருக்காகப் பேசியவர். பிறருடைய நோயை, பிறருடைய கஷ்டத்தைச் சொல்லி நியாயம் கேட்டவர். இந்த விஷயத்தைத் தன் வாயால் அந்த மொழியில் சொல்ல அவரால் முடியவில்லை. எனக்கு மராத்தி வராது. கடைத்தெருவில் கற்றுக்கொண்ட இந்தியில் நான் பெயர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று ஆலோசகரும் இந்தியிலேயே கேட்டார்.

"எண்றத வுட்டுட்டேன்" என்றார் அக்கா.

நான் இந்தியில், டாக்டர் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசிக்கக்கூட இல்லை. அவரை யாரும் தாழ்வாக நினைத்துவிடக் கூடாது என்று நாக்கு தானாகவே மழுப்பிவிட்டது.

அக்காவின் கை என் முழங்கையைப் பிடித்தது. விரல்கள் ஈரமாக இருந்தன.

"அப்டி சொல்லாத. நான் சொன்னத சொல்லு."

சரியான இந்தி வார்த்தை எனக்கு வரவில்லை. தடுமாறினேன். அக்கா என் காதருகே குனிந்து ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக் கொடுத்தார். எண்ணுவதை விட்டுவிட்டேன். அவர் கொடுத்த வார்த்தைகளை நான் சத்தமாகச் சொன்னேன். முதுகு வலி முதல் குளிர்காலத்திலேயே போய்விட்டது. அதையும் சொன்னேன். அதற்குப் பிறகும் சாப்பிட்டது வலிக்காக அல்ல, சாப்பிட்டால் மனசு லேசாக இருந்தது, யார் கூப்பிட்டாலும் ஓட முடிந்தது. சாப்பிடாத அன்று எழுந்து முகம் கழுவக்கூட முடியவில்லை. இங்கே இருக்கும் கடைகளில் முகம் தெரிந்து தர மறுத்துவிட்டார்கள், அதனால் ஊருக்குப் போகிறவர்களிடம் பொய் சொல்லி வாங்கினேன். எல்லாவற்றையும் அவர் இந்தியில் முணுமுணுக்க, நான் உரக்கச் சொல்ல, அறைக்குள் ஒரே வாக்கியம் இரண்டு முறை கேட்டுக்கொண்டிருந்தது.

முணுமுணுத்தது அந்த ஆலோசகரின் காதிலும் நிச்சயம் விழுந்திருக்கும். இவருக்குத்தான் மொழி தெரிகிறதே, நேராகச் சொல்லலாமே என்று அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. நான் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்து, அக்காவின் முகத்தைப் பார்த்தே அடுத்த கேள்வியைக் கேட்டார். அந்த நாகரிகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

அக்கா சில வாரங்கள் அங்கேயே தங்கினார். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அவர் கணவர் இரண்டு பேருந்து மாறி, தினமும் சாப்பாடு கொண்டுபோனார். நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் ஊர்க் கடைக்காரரை அழைத்து, எங்கள் வீட்டாரே வந்து கேட்டாலும் சீட்டு இல்லாமல் தராதீர்கள் என்று சொன்னோம். மாமனாரின் நண்பர் அதிர்ந்துபோனார். நம்ம பிள்ளைகள்தானே என்று கொடுத்தேன் என்றார். நாங்களும் அப்படித்தான் கொண்டுவந்தோம் என்றேன்.

வீடு திரும்பிய பிறகு எல்லாம் நேராகிவிடவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒரு முறை சறுக்கினார். எங்கள் விஷயம் தெரியாத புதிய குடும்பம் ஒன்றின் மூலமாக. ஆனால் இந்த முறை அவரே ஆலோசகரிடம் போய்ச் சொன்னார், மராத்தியில், யார் துணையும் இல்லாமல். எங்கள் கூட்டத்திலும் ஓரிரு வீடுகள் ஒதுங்கின. போதைக் கேஸ் என்று ஒருவர் சொல்ல, சென்னைப் பெண் எல்லோர் முன்பும் அவரிடம், "உங்க வீட்டுக்கு ரேஷன் கார்டு வாங்கிக் குடுத்தது அந்தக் கேஸ்தான்" என்று சொல்லிவிட்டார். அதன்பின் அந்தப் பேச்சு எழவில்லை. அக்கா நிலையத்துக்கு வருவதை மட்டும் வெகுநாள் தவிர்த்தார். திரும்ப வந்த அன்று போஹேயில் உப்பு கூடிப்போயிருந்தது. ஒருவர் மிச்சம் வைக்காமல் எல்லோரும் சாப்பிட்டோம்.

இப்போது நாங்கள் ஓசூரில் இருக்கிறோம். புனேயில் இருப்பவர்கள் பெரும்பாலும் விமானத்தில் போய்வருகிறார்கள். காபித்தூள் வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்தச் சிமென்ட் பெஞ்சில் பைகளைப் பிரிக்க இப்போது யாருக்கும் அவசியம் இல்லை. அந்தக் குளிரும், எள் வாசனையும், இந்தியும் தமிழும் கலந்த அந்தச் சத்தமும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் காரணமே இல்லாமல் நினைவுக்கு வந்து என்னை உட்காரவைத்துவிடும்.

சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பில் ஒரு குடும்பம் ரயிலில் புனேக்குப் போனது. உடனே அக்காவை அழைத்தேன். என்ன கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டேன்.

"கருவாடு அனுப்பு. நாத்தத்துல ரயில் டப்பாவே காலியாவட்டும். ஒக்கார எடம் கெடைக்கும் அவங்களுக்கு."

சிரித்தேன். சரி, அனுப்புகிறேன் என்றேன். அக்கா பேச்சை விடவில்லை.

"அரே, எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"எதுக்குக்கா?" என்றேன்.

"கொழம்புக்குதான். வேற எதுக்கு?"

பாசம் இருக்கிற இடத்தில் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கை ஒருவரை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டுபோகும் என்று பார்த்துவிட்டதால், எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும், அவர் முகம் சுளித்தாலும், எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் இன்றும் என் பையில் இடம் கொடுக்கிறேன்.